மோரோ பள்ளத்தாக்கு: சுரங்கப்பாதைக்கு நூறு மார்க், நிழலுக்கு முட்டை

தெற்குக் கலிபோர்னியாவின் கிரிஸ்டல் கோவ் மாநிலப் பூங்காவில், லகுனா பீச்சை ஒட்டிய கோடியில் இருக்கிறது மோரோ பள்ளத்தாக்கு. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் பசிபிக் கோஸ்ட் நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. அதன் மறுமுனை கடற்கரை. வண்டிகள் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போக, குடையையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நிதானமாக நடந்து போகலாம். இந்த இடத்துக்கு மார்க் போடச் சொன்னால் முதலில் இந்தச் சுரங்கப்பாதைக்குத்தான் போட வேண்டும்.

இது சாதாரண விஷயமாகத் தோன்றினால் லாஸ் ஏஞ்சலஸின் போட்ரேரோ பள்ளத்தாக்கைப் பாருங்கள். மண்சரிவில் விளிம்பு வீடுகள் போய், மாநகரம் மனைகளை வாங்கி, பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, பல பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு 2022 டிசம்பரில் பூங்காவாகத் திறந்தார்கள். கடல் எதிரிலேயே தெரிகிறது. ஆனால் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய நடைபாலம் இல்லாமலேயே திறப்பு விழா நடந்தது. கடலைக் காட்டிவிட்டுக் கால் நனைக்க விடாத பூங்கா அது.

மோரோவும் எளிதில் பொதுமக்கள் கைக்கு வந்துவிடவில்லை. 1979இல் இர்வைன் கம்பெனியிடமிருந்து மாநில அரசு இந்த நிலத்தை 3 கோடியே 26 லட்சம் டாலருக்கு வாங்கியது. பள்ளத்தாக்கின் வாயிலும் மணல் ஓரத்திலும் அப்போது எல் மோரோ என்ற டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பு (வண்டியில் இழுத்து வந்து நிறுத்தும் வீடுகள்) இருந்தது. முன்னூறுக்குச் சற்றுக் குறைவான வீடுகள். இருபது வருடக் குத்தகை 1999இல் முடிய வேண்டியது, 2004 கடைசி வரை நீண்டது. பிறகு கோர்ட், கேஸ். குடியிருந்தவர்கள் முழுதாக வெளியேறியது 2006இல். வீடுகளை அகற்றி, மண்ணைச் சீர்செய்து, 57 இடங்கள் கொண்ட முகாம் மைதானத்தைத் திறக்க 2011 ஆகிவிட்டது. நிலம் அரசின் பெயருக்கு மாறியதற்கும் சாதாரண ஆள் அங்கே கூடாரம் போட்டதற்கும் நடுவில் 32 வருடம்.

முகாமிடம் இரண்டு வகை: மின்சாரமும் தண்ணீரும் உள்ள ஆர்.வி. (உள்ளேயே தங்கும் வசதி கொண்ட பயண வண்டி) இடங்கள், எந்த இணைப்பும் இல்லாத கூடார இடங்கள். மேட்டில் படிப்படியாக அமைந்திருப்பதால் பல இடங்களிலிருந்து கடல் நேராகத் தெரியும். அதே காரணத்தால் காற்றும் நேராக அடிக்கும், நெடுஞ்சாலைச் சத்தமும் வரும். பெரிய குறை நிழல். தலைக்கு மேல் கிளை விரித்த மரம் என்று சொல்லும்படி கிட்டத்தட்ட எதுவும் இல்லை. நான்கு கால் பந்தல் கொண்டு போனால் ஒவ்வொரு காலுக்கும் கனமான மணல் பை கட்டுங்கள். வெறும் முளையை நம்பினால் பிற்பகல் காற்றில் பந்தல் பக்கத்து இடத்துக்குக் குடி போய்விடும்.

விறகு எரிக்க அனுமதி இல்லை, கரியும் கூடாது. கேஸ் அடுப்பு மட்டும்தான். தீ மூட்டிச் சுற்றி உட்காரும் ஆசையோடு வருகிறவர்கள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். ஆனால் கடலோரச் செடிக்காடு கோடையில் எப்படிக் காய்ந்து கிடக்கிறது என்று பார்த்தால் விதியில் குறை சொல்ல முடியாது. 1993 லகுனா தீயில் எரிந்த மலைகள் இவை. நாயை முகாமிடத்திலும் தார்ப் பாதையிலும் கூட்டிப் போகலாம். மணலிலும் மண்பாதையிலும் அனுமதியில்லை.

முன்பதிவு ரிசர்வ் கலிபோர்னியா தளத்தில், சரியாக ஆறு மாதம் முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். கோடை வார இறுதி என்றால் 8:05க்கு உட்காருவது வீண் வேலை. கணக்கில் முன்கூட்டியே நுழைந்து, வண்டி விவரம் சேமித்து, இரண்டு மூன்று இட எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பர் வார நாள்களைத் தேடினால் இத்தனை பாடு இல்லை. வெயிலும் பெரும்பாலும் அப்போதுதான் நன்றாக இருக்கும். மே, ஜூனில் கடல் மூட்டம் பல நாள் மதியம் வரைகூடக் கலையாது.

முகாம் வேண்டாம், பகலில் போய் வந்தால் போதும் என்பவர்களுக்குத்தான் மோரோ அதிகம் பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு. ஒரே வண்டிக் கட்டணத்தில் மலையும் கடலும். சாமான் இழுக்கும் தள்ளுவண்டிக்கு அகலச் சக்கரம் வேண்டும். சிறிய பிளாஸ்டிக் சக்கரம் சுரங்கப்பாதை வரை உருளும், மணலில் புதைந்து நின்றுவிடும். திரும்பும்போது முழுதும் ஏற்றம் என்பதை ஐஸ் பெட்டி நிரப்பும்போதே நினைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் அலை கரைக்கு மிக அருகில் உடையும். சின்னப் பிள்ளைகளை முழங்கால் நீரில்கூடத் தனியே விடாதீர்கள். செங்குத்துக் கரையின் அடியில் நிழல் கிடைக்கிறதே என்று பாயை விரிப்பதும் வேண்டாம். மேலிருந்து கல் உதிரும், கடல்நீர் ஏறும் நேரத்தில் மணலும் குறுகிவிடும். பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீனும் கடல் சாமந்தியும் பார்க்க வேண்டுமானால் வடக்கே ரீஃப் பாயின்டுக்குப் போங்கள். போகுமுன் கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள். அதில் நீர்மட்டம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிற நாள்தான் நாள். குளிர்காலத்தில் நீர் அப்படி வற்றுவது பெரும்பாலும் பிற்பகலில். வசந்தம், கோடையில் விடியற்காலையில். கடல் பாதுகாப்புப் பகுதி ஆகையால் சிப்பி, கல் எதையும் எடுத்துப் போகக் கூடாது. காலிச் சிப்பிக்கும் அதே சட்டம். கிளம்புமுன் பிள்ளைகளின் பாக்கெட்டை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

மலைப்பக்கம் ஏறுபவர்களுக்குப் பள்ளத்தாக்கின் அடியில் போகும் மோரோ கேன்யன் பாதை நல்ல தொடக்கம். அங்கிருந்து முகட்டுக்கு ஏறும் ஒரு கிளைக்கு ‘ஐ திங்க் ஐ கேன்’ என்று பெயர். ஏறிப் பார்த்தால் பெயர்க் காரணம் விளங்கிவிடும். வழியில் குடிநீர் கிடையாது. அரை நாளுக்கு ஆளுக்கு 2 லிட்டர் குறைந்தபட்சம். நடந்தே போய்ச் சேர வேண்டிய மூன்று முகாம்கள் மேலே உள்ளன; அவற்றில் இரவு தங்கினால் சமையலுக்கும் சேர்த்து 4 லிட்டருக்குக் குறையாமல் சுமக்க வேண்டும், குப்பையையும் திருப்பிச் சுமந்து வர வேண்டும். ஓடையோரத்தில் மூன்று மூன்று இலையாகப் பளபளக்கும் பாய்சன் ஓக் செடியைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும். முழுக்கால் பேன்ட் போடுங்கள். மழை பெய்தால் மண்பாதைகளை மூடிவிடுவார்கள், சில சமயம் மூன்று நாள் வரை. ஈரக் களிமண்ணில் சைக்கிள் தடம் ஒருமுறை பதிந்தால் அடுத்த மழைக்கு அதுவே வாய்க்கால்.

சாப்பாட்டுக்கு மோரோவில் கடை எதுவும் இல்லை. நெடுஞ்சாலையோரமாக வடக்கே போனால் ஷேக் ஷேக் கடையில் பேரீச்சம்பழ மில்க்‌ஷேக் கிடைக்கும். இனிப்பு தூக்கல், இருவருக்கு ஒன்று போதும். பகல் பயண வண்டிகள் சூரியன் மறையுமுன் வாசலைத் தாண்டிவிட வேண்டும். அஸ்தமனத்தை மணலில் நின்று பார்க்க நினைப்பவர்கள் சாமான்களை முதலிலேயே மேலே ஏற்றி வண்டியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு மறுபடி இறங்குங்கள்.