"அப்படியே தொட்டியில் விடலாம்" என்று சொல்பவரிடம் பவளம் வாங்காதீர்கள்

மூன்று வாரங்களில் என் தொட்டியிலிருந்து போனவை: ஒரு டார்ச் பவளம், இரண்டு அக்ரோபோரா (கிளைப் பவளம்) துண்டுகள், நான்கு ஆண்டுகளாக வளர்த்து வந்த ஜோவாந்தஸ் (பூ மொட்டுகளைப் போல விரிந்து மூடும் சிறு கடலுயிர்) கூட்டத்தில் முக்கால்வாசி. புதிதாக வாங்கியவற்றுக்குக் கொடுத்தது 280 சிங்கப்பூர் வெள்ளி. அந்தப் பழைய கூட்டத்துக்கு என்ன விலை போடுவதென்று தெரியவில்லை.

சிங்கப்பூரில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர் வீட்டிலேயே பவளத் துண்டுகளை வளர்த்து விற்பது வழக்கம். என் தொட்டியில் பாதி அப்படி வந்ததுதான்; ஒருவரும் ஏமாற்றியதில்லை. இந்தமுறை எனக்கு விற்ற ஆள் இணைய விளம்பரத்தில் கிடைத்தவர். அவருடைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் விளக்கெல்லாம் அணைந்திருந்தது. தொட்டிகளுக்கு மேலே அடர்நீல ஒளி மட்டும். அந்த ஒளியில் எந்த நோஞ்சான் பவளமும் தீபாவளிக் காலத்துத் தேக்காவை (லிட்டில் இந்தியா) போல மின்னும். வெள்ளை விளக்கைப் போடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

"ஒரு மாதம் தனித்தொட்டியில் வைத்திருந்தேன் அண்ணா. பூச்சி மருந்திலும் முக்கி எடுத்தாகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் அப்படியே விடலாம்" என்றார். வேலை முடிந்து நேராகப் போயிருந்தேன், வெளியே மழை. நம்ப வசதியாக இருந்த பேச்சு, நம்பிவிட்டேன். பைகளைப் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டேன், துண்டுகளை எடுத்துப் பாறையில் வைத்தேன், படுக்கப் போய்விட்டேன்.

மிதக்கவிட்டால் வெப்பம் மட்டும்தான் சமமாகும். மறுநாள் காலை டார்ச் விரியவே இல்லை. கட்டி வைத்திருந்த பையில் மிச்சமிருந்த நீரை ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) பார்த்தேன்: ஒப்படர்த்தி 1.019. என் தொட்டியில் 1.026. லிட்டருக்கு ஒன்பது கிராம் அளவுக்கு உப்பு வித்தியாசம். உப்பு விலை அதிகம் என்பதால் சிலர் இப்படிக் குறைத்து ஓட்டுவார்கள். உடலின் உப்பைத் தானே சரிசெய்துகொள்ளும் திறன் மீனுக்கு உண்டு, பவளத்துக்குக் கிடையாது. ஒரே நொடியில் அதைத் தூக்கி வேறு கடலில் போட்ட கதைதான். அரைமணியிலிருந்து முக்கால் மணி நேரம் சிறு குழாயால் என் நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்திருந்தால் பிழைத்திருக்கலாம். ஆறாம் நாள் அதன் சதை பழுப்புக் கூழாகக் கரைந்து நாறியது. மற்றவற்றுக்குப் பரவும் முன் எடுத்து எறிந்தேன்.

சொட்டு முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினாலும் ஆபத்துண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரு நாள் முழுக்கக் கட்டிய பையிலேயே வரும் உயிர்களின் நீரில் கரியமில வாயு கூடி அமிலத்தன்மை ஏறியிருக்கும். அதனால்தான் அதில் சேர்ந்த அம்மோனியா அதிகம் கடிக்காமல் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், அம்மோனியா நஞ்சாக மாறத் தொடங்கும். அந்த நீரில் மணிக்கணக்காக வைத்திருப்பது கொலை. வெப்பத்தைச் சமன்செய்து, உப்பளவு பொருத்தமான புது நீருக்கு விரைவாக மாற்றிவிட வேண்டும். இரண்டு வகையிலும் பையின் நீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக்கூடாது. மீன் மருந்தின் செம்பு அதில் இருந்தால் முதுகெலும்பில்லாத உயிர்கள் அத்தனையும் போகும். பை நீரை ஊற்றும் அந்தத் தவறையாவது நான் செய்யவில்லை.

அக்ரோபோரா கதையில் என் பங்கும் உண்டு. அவருடைய மங்கல் ஒளியில் இருந்தவற்றை நேராக என் விளக்கின் அடியில், பாறை உச்சியில் வைத்தேன். ஒரே வாரத்தில் உள்ளிருந்த பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போயின. அடியில் வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக மேலேற்றியிருக்க வேண்டும். வெளுத்தவற்றைக் கையில் எடுத்தபோதுதான் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வெட்டு வாய் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது, பசை புதிது. ஒரு மாதம் வளர்ந்திருந்தால் சதை, துண்டை ஒட்டியிருக்கும் சிறு வட்டின் மேல் படர்ந்திருக்கும். நான் வருவதற்கு முந்தின நாள் வெட்டி ஒட்டியிருக்கிறார்.

இன்னொரு பொய் மூன்றாம் வாரம் வெளியே வந்தது. பழைய ஜோவாந்தஸ் மொட்டுகள் மூடியே கிடந்தன. இரவில் கைவிளக்குடன் பார்த்தால், மொட்டைப் போலவே ஏதோ நகர்கிறது. ஜோவாந்தஸ் தின்னும் ஓடில்லாக் கடல் நத்தை. தின்கிற மொட்டின் நிறத்தையே உடலில் ஏற்றிக்கொள்வதால் பகலில் கண்ணுக்கே தெரியாது. மருந்தில் முக்கினால் நத்தை விழும், முட்டை சாகாது. ஆகவே முக்கியதே உண்மையாக இருந்தாலும், வட்டை மாற்றி, தனித்தொட்டியில் வைத்து, வாரம் ஒருமுறை மறுபடி முக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜோவாந்தஸ் இனத்தில் சிலவற்றுக்குக் கடும் நஞ்சு உண்டு.

அவருக்குப் படங்கள் அனுப்பினேன். "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்றார். உப்பளவுப் படத்தை அனுப்பியதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பணத்தை இனி எதிர்பார்க்கவில்லை. நீங்கள் போகிறவராக இருந்தால் ரிஃப்ராக்டோமீட்டரைக் கையோடு எடுத்துப் போய் அவர் தொட்டி நீரை அங்கேயே அளந்து பாருங்கள், வட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் கிளம்பிவிடுங்கள்.

போன வாரம் அவருடைய புதிய விளம்பரம் வந்தது. அதே நீல ஒளி, அதே "ஒரு மாதம் தனித்தொட்டியில்". படத்தின் ஓரத்தில் ஜோவாந்தஸ் கூட்டம் ஒன்று, பாதி மொட்டுகள் மூடியபடி.