நாள் தள்ளிப்போடுற குளிசை (நோரெதிஸ்டெரோன் 5 மி.கி), என்ட அனுபவம்

இந்தமுறை சிவராத்திரிக்கு திருகோணமலைக் கோட்டைக்குள்ள இருக்கிற கோணேஸ்வரம் கோயில்ல விடிய விடிய முழிச்சிருக்கிறதெண்டு நேர்த்தி, கலண்டரப் பாத்தா சரியா அண்டைக்குத்தான் எனக்கு நாள் (மாதவிடாய்). மச்சாள் சொன்னா அதுக்கென்ன குளிசை இருக்குத்தானே நான் எத்தின தரம் குடிச்சிட்டன் எண்டு.

டவுனுக்குள்ள ஒரு பாமசிக்கு போனன், பேர் வேணாம். ஒரு கேள்வி இல்ல, கார்டை கத்தரிக்கோலால வெட்டி பேப்பர் கவர்ல போட்டு மேல 1×3 எண்டு கிறுக்கித் தந்தாச்சு. வீட்ட வந்து பாத்தா வெட்டினதில பேரும் போச்சு எக்ஸ்பயரியும் போச்சு, "ஸ்டெரோன்" எண்டு ஒரு துண்டு மட்டும் மிச்சம். இத நம்பி எப்பிடி விழுங்கிறது? கடைக்கு 5க்கு 1, அதுவும் கவருக்குத்தான்.

பிறகு டொக்டரிட்ட போனன். கால்ல ரத்தம் கட்டினதோ, ஈரல் வருத்தம் இருக்கோ, மார்பில புற்றுநோய் வந்ததோ, பிள்ளை நிக்கிற மாதிரி சந்தேகமோ எண்டு எல்லாம் கேட்டிட்டுத்தான் எழுதினவா. கருத்தடைக் குளிசையில இருக்கிற ஹோர்மோன் சாதிதான் இதுவும், மினி பில்லா (இந்தச் சாதி ஹோர்மோன் மட்டும் உள்ள கருத்தடைக் குளிசை) வரேக்க நாளைக்கு 0.35 மி.கி, நாள் தள்ள நாங்க குடிக்கிறது 15 மி.கி, நாப்பது மடங்குக்கு மேல! அதில கொஞ்சம் உடம்புக்குள்ள ஈஸ்ட்ரோஜனாவும் (ரத்தம் கட்ட வைக்கக்கூடிய பெண் ஹோர்மோன்) மாறுமாம், அதாலதான் ரத்தக்கட்டி கேள்வி. ஆனா இப்பிடிக் குடிச்சா கருத்தடையா வேலை செய்யாது, அத நம்பி இருக்காதீங்க.

இன்னொண்டு, இத முதன்முதல்ல 1951ல மெக்சிக்கோவில ஒரு காட்டுக்கிழங்கில இருந்து எடுத்த சரக்க வச்சுத்தான் செஞ்சவங்களாம், எங்கட ராசவள்ளிக்கிழங்கின்ட சொந்தக்காரக் கிழங்கு (அதுக்காக ராசவள்ளிக் கஞ்சி குடிச்சா நாள் தள்ளாது, கேக்காதீங்க). இந்தக் குளிசை மாதிரியே வேலை செய்யிற, உடம்பில தானா சுரக்கிற புரோஜெஸ்டரோன் ஹோர்மோன வாயால குடிச்சா ஈரல் பெரும்பாலும் அழிச்சுப்போடும், அதாலதான் செயற்கையா ஒண்டு தேவைப்பட்டது.

நாள் வர 3 நாளைக்கு முதலே தொடங்கி காலம, பின்னேரம், ராவு எண்டு அலாரம் வச்சுக் குடிச்சன். கோயிலுக்கு கோட்டைக்குள்ளால மான் எல்லாம் பாத்துக்கொண்டு நடந்து போனன், விடியும்வரைக்கும் ஒரு சொட்டு இல்ல. ஆனா வயிறு ஊதி, மார்பு நோ, தலையிடி வேற, தேத்தண்ணியோட சமாளிச்சன். நிப்பாட்டி 3ம் நாள் வந்திச்சு, வழமைய விட கொஞ்சம் கூட. குளிசைக்கு 4 குடுக்கலாம், எல்லா வெள்ளிக்கும் குடிக்கிற சாமான் இல்ல.

மச்சாள்ட கதைதான் பெரிய பகிடி. அவ ஏற்கனவே 28 குளிசை உள்ள கருத்தடைக் கார்ட் குடிக்கிறவா. அப்பிடி ஆக்களுக்கு இது தேவையே இல்லையாம், கடைசி 7 மண்ணிறக் குளிசையும் வெறும் இரும்புச்சத்து, டொக்டர கேட்டிட்டு அத விட்டு அடுத்த கார்டை நேர தொடங்கினா நாள் தள்ளும். இவ்வளவு காலமும் அவ ரெண்டையும் சேத்து விழுங்கியிருக்கா. ஃபோனில சொன்னன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.