பிரிட்ஜில் வைத்து ஒட்டிய ஷீட்: பிடிஎம் 7950, ஏழு மாதத்துக்குப் பிறகு

அமாவாசைக்கு எங்கள் வீட்டில் தறி ஓடாது. மற்ற நாட்களில் கீழே நான்கு பவர்லூம் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும். மாடியில் என் கம்ப்யூட்டர் என்ன சத்தம் போடுகிறது என்று யாருக்கும் கேட்காது, எனக்கே கேட்காது. போன சித்திரை அமாவாசை அன்று ஒரு கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிட இறங்கினேன். அம்மா நிமிர்ந்து மேலே பார்த்து, "மிக்ஸியை ஆஃப் பண்ணாம வந்துட்டியாடா?" என்றார். கிராபிக்ஸ் கார்டு விசிறி மூவாயிரம் சுற்றில் அலறிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அப்படி அலறியதோ! அந்தச் சத்தத்தை அடக்கிய பிடிஎம் 7950 என்கிற சூடு கடத்தும் ஷீட்டைப் பற்றித்தான் இந்தக் கதை.

நகரியில் இருக்கிறேன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. இந்தப் பக்கம் திருத்தணி, அந்தப் பக்கம் புத்தூர், இரண்டு பக்கமும் வெயிலுக்குப் பெயர் போனவை. தொழில் வீடியோ எடிட்டிங். தமிழ்க் கல்யாணம் என்றால் விடியற்காலை முகூர்த்தத்தோடு முடிந்துவிடும். நடுராத்திரி முகூர்த்தம் வைக்கிற தெலுங்குக் கல்யாணத்தில் ஃபுட்டேஜ் இரண்டு மடங்கு வரும். எல்லாவற்றையும் என் எடிட்டிங் சாஃப்ட்வேரான டாவின்சி ரிசால்வ் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் கட்டும். கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி, பிராசசர் ரைசன் 7 5800எக்ஸ். இரண்டுமே சூட்டுக்காரர்கள்.

சாப்பிட்டு வந்து, வெப்பநிலை காட்டுகிற ஹெச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தேன். கார்டின் சாதா வெப்பநிலை 76, ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பிலேயே அதிகம் சூடான இடம், 108. இந்தக் கார்டு ஹாட்ஸ்பாட்டில் 110 டிகிரி வரை தாங்கும், அதற்கு மேல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பயமுறுத்தியது 108 அல்ல, இரண்டுக்கும் நடுவில் இருந்த 32 டிகிரி. சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் சிப்பின் ஏதோ ஒரு மூலையிலிருந்து சூடு ஹீட்சிங்க்குக்குப் போய்ச் சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். பஞ்சு அடைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும். (பஞ்சும் அடைத்திருந்தது. பாவில் ஏற்றிய கஞ்சி தூளாக உதிர்ந்து பஞ்சோடு சேர்ந்தால் ஃபில்டரில் ஒரு கம்பளியே விரிந்துவிடும். அது வாராவாரம் நடக்கிற கதை.)

சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் சூடு கடத்தத் தடவுகிற பேஸ்டைத் தை மாதம்தான் மாற்றியிருந்தேன். மாற்றிய அன்று ஹாட்ஸ்பாட் 91. மூன்று மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இதற்குப் பம்ப்-அவுட் என்று பெயர். சிப் சூடாகும்போது லேசாக வளைந்து ஹீட்சிங்கை நெருக்கும், ஆறும்போது விலகும். ரெண்டர் போடும் ஒவ்வொரு தடவையும் அந்த அசைவு பேஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளிவிடும். மேல்மூடி இல்லாமல் சிலிக்கான் நேரடியாக ஹீட்சிங்கில் உட்காருகிற கிராபிக்ஸ் கார்டிலும் லேப்டாப்பிலும் இது சீக்கிரம் நடக்கும். எங்கள் ஊர் மே மாதத்தில் இன்னும் சீக்கிரம். கழற்றிப் பார்த்தபோது நடுவில் சிப் பளபளவென்று துடைத்துவிட்டாற்போல் இருந்தது, பேஸ்ட் எல்லாம் நான்கு ஓரத்திலும் வரப்பு கட்டி நின்றது.

அப்போதுதான் ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம் 7950 ஷீட்டை வாங்கலாம் என்று முடிவு செய்தேன். பார்க்கச் சாம்பல் நிறத்தில், கால் மில்லிமீட்டர் தடிப்பில், இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே இருக்கும். சாதாரணச் சூட்டில் மெழுகு மாதிரி கெட்டி. 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவி, சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்பும். ஆறினால் மறுபடி கெட்டியாகிவிடும். இளகினாலும் தண்ணீராக ஓடாது, ஆகவே ஓரத்துக்கு ஒதுங்குவதும் இல்லை. பேஸ்டுக்குப் பதில் தடவுகிற திரவ உலோகமான லிக்விட் மெட்டல் இதைவிடக் குளிர்ச்சி தரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் இருக்கிற காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், ஒரு சொட்டு தவறி விழுந்தால் போர்டே ஷார்ட் ஆகும். சோறு போடுகிற மிஷினில் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம்.

முதலில் வாங்கியது போலி. எங்கே வாங்கினேன் என்று சொல்லப்போவதில்லை, விலை பாதி என்றதும் புத்தி போய்விட்டது, அவ்வளவுதான். ஒட்டி ஒரு வாரம் ஆகியும் ஹாட்ஸ்பாட் இறங்கவில்லை. கழற்றினால் கரிபோல உலர்ந்து பொரிந்திருந்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் விசாரித்து, தபால் செலவோடு 900 ரூபாய் கொடுத்து வாங்கினேன். உள்ளங்கை அளவு ஷீட். கார்டுக்கும் பிராசசருக்கும் வெட்டியது போக ஒரு துண்டு மீதி.

சரி, ஒட்டுகிற வேலைக்கு வருவோம். இதைத்தான் யாரும் எங்கள் ஊர் வெயிலை நினைத்துச் சொல்லித் தருவதில்லை. மத்தியானம் இரண்டு மணி, மாடி அறையில் 38 டிகிரி. ஷீட் இளகுவது 45-இல். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தாளை உரித்தால் ஷீட்டில் பாதி இந்தத் தாளோடு, பாதி அந்தத் தாளோடு, நடுவில் சூயிங்கம் மாதிரி நூல் விடுகிறது. ஒரு துண்டு வீண். மீதியை ஒரு கவரில் போட்டு பிரிட்ஜில் மாவுப் பாத்திரத்தின் மேல் கால் மணி நேரம் வைத்தேன். எடுத்ததும் விறைப்பாக நின்றது. கத்தரிக்கோலால் சிப்பைவிட ஒரு இழை பெரிதாக வெட்டி, மூலையில் செல்லோடேப்பை ஒட்டித் தாளைத் தூக்கினால் சுத்தமாகக் கழன்று வருகிறது. சிப்பின் மேல் வைத்து அழுத்தி, மேல் தாளையும் அதேபோல டேப்பால் இழுத்தேன். ஒரு மூலை பிய்ந்துகொண்டு வந்தது. பதறவில்லை, அந்த இடத்தில் சின்னத் துண்டு ஒன்றை வைத்துவிட்டேன். இளகிப் பரவும்போது ஒட்டுப்போட்டது தெரியாது. இதை விடியற்காலையில் செய்வது உத்தமம்.

கார்டைத் திறப்பவர்கள் கவனிக்க இன்னொன்று: மெமரி சிப்புகளின் மேல் இருக்கிற தடித்த பேடுகளுக்குப் பதிலாக இதை வைக்காதீர்கள். இது கால் மில்லிமீட்டர், அங்கே இருக்கும் சந்து அதைவிடப் பெரியது. பழைய பேடு நன்றாக இருந்தால் அப்படியே விடுங்கள். எனக்கு ஒன்று கிழிந்தது, அதற்கு மட்டும் தெர்மல் புட்டி என்கிற சூடு கடத்தும் பசையை வைத்தேன். நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூவையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும், சைக்கிள் வீல் கோட்டம் எடுக்கிற மாதிரி.

முதல் ரெண்டரில் ஹாட்ஸ்பாட் 97. ஏமாற்றமாக இருந்தது. ஆனால் இந்த ஷீட் சில தடவை சூடாகி ஆறினால்தான் முழுசாக மெலிந்து உட்காரும். மூன்றாம் நாள் சாதா 73, ஹாட்ஸ்பாட் 89. இடைவெளி 16. விசிறி 1900 சுற்றுக்கு இறங்கியது. அப்புறம் கார்டின் சாஃப்ட்வேரான அட்ரினலினில் வோல்டேஜை 1200 மில்லிவோல்ட்டிலிருந்து 1140-க்குக் குறைத்தேன். கார்டின் வேகம் குறையவில்லை, ஹாட்ஸ்பாட் இன்னும் ஐந்து டிகிரி கீழே வந்தது. எங்கள் ஊரில் வேகத்தைக் கூட்டுகிற ஓவர்க்ளாக் என்றால் கார்த்திகை முதல் மாசி வரைதான். மற்ற மாதங்களில் இப்படி வோல்டேஜைக் குறைக்கிற அண்டர்வோல்ட்தான் வீரம்.

பிராசசரில்? உண்மையைச் சொன்னால் பெரிதாக ஒன்றும் இல்லை. நல்ல பேஸ்டைவிட ஒரு டிகிரி குறைவோ என்னவோ. 5800எக்ஸில் சூடு ஒரு சின்னச் சில்லிலிருந்து கிளம்புகிறது, அதற்கு மேல் உலோக மூடி வேறு. அங்கே வோல்டேஜைக் குறைக்கிற கர்வ் ஆப்டிமைசர் செட்டிங்கில் மைனஸ் 20 வைத்ததுதான் பலன் தந்தது. பிராசசருக்காக மட்டும் இதை வாங்காதீர்கள்.

அதோடு பிராசசரில் ஒரு ஆபத்தும் உண்டு. ஏஎம்4 சாக்கெட்டில் பிராசசரின் அடியில்தான் 1331 பின்களும் இருக்கின்றன, மேலே அமுக்கிப் பிடிக்கச் சட்டம் கிடையாது. ஆறின நிலையில் கூலரை நேராக இழுத்தால் பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தை மாதம் காய்ந்த பேஸ்டிலேயே எனக்கு அப்படித்தான் ஆனது, ஏழெட்டுப் பின் சாய்ந்துவிட்டது. நைனாதான் (அப்பா) காப்பாற்றினார். நாற்பது வருஷமாக அறுந்த பாவு இழையைத் தேடிப் பிணைக்கிற கண் அவருடையது. ஜன்னலோரம் உட்கார்ந்து, தையல் ஊசியின் காதில் ஒவ்வொரு பின்னாக மாட்டி நிமிர்த்தினார். முடித்ததும், "புத்தூர் கட்டு போட்டாச்சு, நடக்கவிடு" என்றார். நடந்தது. பிடிஎம் ஆறினால் பேஸ்டைவிட இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் கூலரைக் கழற்றும் முன் கால் மணி நேரம் கம்ப்யூட்டருக்கு நல்ல வேலை கொடுத்துச் சூடாக்கி, அணைத்த கையோடு இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள்.

இப்போது மார்கழி. நேற்று அதே கல்யாண புராஜெக்டைத் திரும்ப ரெண்டர் போட்டுப் பார்த்தேன். சாதா 61, ஹாட்ஸ்பாட் 78. எண்கள் இறங்கியதற்கு ஷீட்டைப் பாராட்ட முடியாது, அறையே 26 டிகிரிதான். நான் பார்த்தது இடைவெளியை: அன்று 16, இன்று 17. பேஸ்டு போட்டிருந்தால் இந்நேரம் இரண்டு தடவை கழற்றியிருப்பேன். கழற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு பேடு கிழியும், ஒரு ஸ்க்ரூ கட்டிலுக்கு அடியில் போகும், ஒரு நாள் வேலை கெடும்.

என் கணக்கில் கிராபிக்ஸ் கார்டுக்கும் லேப்டாப்புக்கும் தயங்காமல் வாங்கலாம். டெஸ்க்டாப் பிராசசருக்கு, ஷீட் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். விலை ஒரு டியூப் பேஸ்டைவிட அதிகம்தான். போலியில் மாட்டாமல் இருக்க, பாதி விலைக்கு வருவதைத் தொடாதீர்கள். மீதித் துண்டு இன்னும் பிரிட்ஜில் இருக்கிறது. என்னவென்று தெரியாமல் அம்மா இரண்டு தடவை வெளியே எடுத்துவைத்துவிட்டார், கவரின் மேல் பெரிதாக "சாப்பிடக் கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.