ரோபோ கூட்டாளியோடு பிரிட்ஜ்: ஏலத்தில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

இணையத்தில் பிரிட்ஜ் ஆடுவதற்கு இன்னும் மூன்று பேர் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டாளியாக ஒரு ரோபோவும் எதிராளிகளாக இரண்டு ரோபோக்களும் எந்நேரமும் ஆயத்தமாக இருக்கின்றன. ஒரே சீட்டுப் பகிர்வை வெவ்வேறு மேசைகளில் பலர் ஆடி, மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிகிறது. சீட்டு ஆடும் பகுதியில் இந்த ரோபோக்களைப் பற்றிப் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. ஏலத்தில், அதாவது எத்தனை ட்ரிக் (சீட்டுச் சுற்று) வெல்வோம், எந்த சூட் (சீட்டு வகை) துருப்பு என்று முறைவைத்துக் கூறும் பகுதியில், அவை எப்படிப்பட்ட கூட்டாளிகள் என்பதுதான் இந்த மதிப்புரையின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகவல் கேட்டால் ரோபோ நேர்மையாகவும் துல்லியமாகவும் பதில் சொல்கிறது, முடிவெடுக்கும் பொறுப்பை அதனிடம் விட்டால் தடுமாறுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்து ஏலம் சொல்பவருக்கு இது மிக நல்ல சேவை. வைக்காதவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

கணினி பிரிட்ஜில் ஏலம் எவ்வளவு கடினமானது என்பதற்கு அதன் வரலாறே சான்று. மேத்யூ கின்ஸ்பெர்க் உருவாக்கிய ஜிப் என்ற நிரல் 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கணினிகளுக்கான உலகப் பிரிட்ஜ் போட்டியில் வென்றது. ஃபிரெட் கிட்டல்மன் 2001இல் தொடங்கிய பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தின் ரோபோவாக அதே நிரல் பின்னர் உலகெங்கும் அறிமுகமானது. 2022இல் பாரிஸில் நூக் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் எட்டு உலகச் சாம்பியன்களை விஞ்சியபோது செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. ஆனால் அந்தப் போட்டியில் ஏலமே கிடையாது. ஒப்பந்தம் முன்கூட்டியே 3 நோட்ரம்ப் (துருப்பின்றி ஒன்பது ட்ரிக்) என்று வகுக்கப்பட்டு, சீட்டு ஆடும் திறன் மட்டுமே சோதிக்கப்பட்டது. ஏலம் என்பது கூட்டாளியின் மனத்தைப் படிக்கும் கலை என்பதால், நிரல் எழுதுபவர்களும் அதை எச்சரிக்கையோடுதான் அணுகுகிறார்கள்.

நான் ஆடும் தளத்தின் ரோபோ டூ ஓவர் ஒன் என்ற ஏல முறையைப் பின்பற்றுகிறது: மேஜர் சூட்டில் (ஸ்பேட் அல்லது ஹார்ட்) தொடங்க ஐந்து சீட்டு வேண்டும், 1 நோட்ரம்ப் என்றால் 15 முதல் 17 புள்ளி (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1), ஸ்டேமன் (நான்கு சீட்டு மேஜர் உண்டா என்று கேட்பது), டிரான்ஸ்ஃபர் (நம் நீண்ட சூட்டைக் கூட்டாளியைச் சொல்ல வைப்பது), பிளாக்வுட் (4 நோட்ரம்ப் சொல்லி ஏஸ் கேட்பது) எல்லாம் உண்டு. இந்த முறையை ஆட்டக்காரர் மாற்ற முடியாது. கூட்டாளியோடு உட்கார்ந்து உடன்பாடு செய்துகொள்ளப் பழகியவர்களுக்கு இது முதலில் இறுக்கமாகத் தோன்றும். அதற்கு ஈடாக இந்தச் சேவை தருவது விளக்கப் பெட்டி. எந்த ஏலத்தையும் சொல்வதற்கு முன்பே அதன் மேல் சுட்டியை வைத்தால், அந்த ஏலத்தை ரோபோ எப்படிப் புரிந்துகொள்ளும் என்பது எழுத்தில் தெரிகிறது: எத்தனை புள்ளி, எந்த சூட்டில் எத்தனை சீட்டு, கூட்டாளி பாஸ் சொல்லலாமா கூடாதா என்று எல்லாம். எதிரே மனிதர் இருந்தால், அவர் நம் ஏலத்தை என்னவென்று எடுத்துக்கொள்வார் என்பதை முன்கூட்டியே இப்படிப் பார்க்க வழியே இல்லை. இதை நான் இந்தச் சேவையின் ஆகப் பெரிய கொடையாகக் கருதுகிறேன். ஆகவே கையில் உள்ள சீட்டைப் பார்த்து ஏலம் சொல்வதைவிட, பெட்டியில் உள்ள வருணனைகளில் எது கைக்கு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது என்று பார்த்துச் சொல்வதே இங்கு சரியான முறை.

ரோபோ முடிவெடுக்கும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதன் பிழைகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. தொடக்கநிலை ஏலங்களுக்கு அது எழுதிவைத்த விதிகளைப் பார்க்கிறது. விதிகள் தீர்மானமாக எதையும் சொல்லாத இடத்தில், அதுவரை நடந்த ஏலத்துக்குப் பொருந்தும் கைகளைத் தற்போக்கில் பல முறை பகிர்ந்து பார்த்து, ஒவ்வொன்றிலும் எந்த ஏலம் சராசரியாக அதிக மதிப்பெண் தரும் என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் நால்வர் கைச் சீட்டுகளும் விரித்து வைக்கப்பட்டது போல ஆட்டம் நடக்கிறது. நம் பக்கம் ஹார்ட் துருப்பாக ஒரு கையில் ஏஸ், ஜாக்கி உட்பட நான்கும் மறு கையில் ராஜா, 10, 9 உட்பட ஐந்தும் இருந்தால், ராணியை எந்தப் பக்கம் தேடுவது என்று மேசையில் நாம் திண்டாடுவோம். ராணி அகப்படும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல். ரோபோவின் கணக்கிலோ ராணி கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் அகப்படும். ஆகவே ஊகத்தை நம்பியிருக்கும் ஸ்லாம்களை (12 அல்லது 13 ட்ரிக் ஒப்பந்தங்களை) அது மிகையாக மதிக்கிறது. மாறாக, எதிராளி தவறான சூட்டிலிருந்து ஆரம்பித்தால் மட்டுமே நிறைவேறக்கூடிய 3 நோட்ரம்ப்களைக் குறைவாக மதிக்கிறது, ஏனெனில் அந்தக் கணக்கில் எதிராளியும் எல்லாச் சீட்டையும் பார்த்து, நம்மைக் கவிழ்க்கும் முதல் சீட்டையே இறக்குகிறார். நிஜ மேசையில் எதிரே இருக்கும் ரோபோக்கள் நம் சீட்டைப் பார்ப்பதில்லை என்பதால் அப்படிப்பட்ட 3 நோட்ரம்ப்கள் பல நிறைவேறுகின்றன.

இதை ஒரு கையில் காட்டுகிறேன். ஸ்பேடில் ஏஸ், ராணி, ஜாக்கி, 9, 6, 2. ஹார்டில் ராஜா, 5. டைமண்டில் ஏஸ், 4. கிளப்பில் 10, 7, 3. பதினான்கு புள்ளி, ஆறு ஸ்பேட். நாம் 1 ஸ்பேட் என்கிறோம், ரோபோ 2 ஸ்பேட் என்று உயர்த்துகிறது. மனிதக் கூட்டாளியிடம் இங்கே 3 கிளப் சொல்லி, கிளப்பில் உதவி உண்டா என்று விசாரிப்பது அழகான ஏலம். அவர் கிளப்பில் ராஜாவோ ராணியோ இருந்தால் 4 ஸ்பேடுக்குப் போவார், வீணாக டைமண்டில் ராணி, ஜாக்கி வைத்திருந்தால் 3 ஸ்பேடோடு நிறுத்திக்கொள்வார். அந்த நுண்மையை ரோபோவிடம் எதிர்பார்க்க முடியவில்லை. அது பெரும்பாலும் மொத்தப் புள்ளியைப் பார்த்தே ஏற்கிறது அல்லது மறுக்கிறது. இடையில் எதிராளிகளுக்கு நம் பலவீனம் கிளப் என்பது தெரிந்துவிடுகிறது. இதைத்தான் நான் முடிவை ஒப்படைப்பது என்கிறேன். இத்தகைய கையில் முடிவை நாமே எடுத்துவிட வேண்டும், எடுப்பதற்குக் கணக்கும் உதவுகிறது. மதிப்பெண் வித்தியாசத்தை இம்ப் என்ற அலகாக மாற்றி எண்ணும் இம்ப் முறையில், வெகுமதியும் அபராதமும் கூடும் வல்னரபிள் நிலையில், 4 ஸ்பேட் (பத்து ட்ரிக்) நிறைவேறினால் 170க்குப் பதில் 620 கிடைத்து 10 இம்ப் லாபம். ஒரு ட்ரிக் குறைந்தால் 140 போய் 100 கொடுத்து 6 இம்ப் நட்டம். ஆகவே 37.5 சதவீத வாய்ப்பு இருந்தாலே நேராக 4 ஸ்பேட் சொல்வது நியாயம். வல்னரபிளாக இல்லாவிட்டால் ஏறக்குறைய 45 சதவீதம் தேவை. எத்தனை மேசைகளை முந்தினோம் என்பதை மட்டும் எண்ணும் மேட்ச்பாயிண்ட் முறையில் பாதிக்கு மேல் வாய்ப்பு வேண்டும் என்பதால், இதே கையில் அங்கே நான் பாஸ் சொல்வதையே விரும்புவேன்.

எதிராளி சொல்லாத சூட்டுகளில் ஒன்றைச் சொல்லும்படி கூட்டாளியை அழைக்கும் டபுளில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. வலப்பக்க எதிராளி 1 ஹார்ட் என்று தொடங்குகிறார். நம்மிடம் ஸ்பேடில் ஏஸ், ராணி, 8, 4. ஹார்டில் ராஜா, 7. டைமண்டில் ஏஸ், ஜாக்கி, 9, 5, 3. கிளப்பில் 6, 2. மனித ஜோடிகள் பலர் இங்கே டபுள் சொல்வார்கள். கூட்டாளி 2 கிளப் என்றால் 2 டைமண்டுக்கு மாறுவார்கள், அது கூடுதல் பலத்தைக் காட்டாது என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். ரோபோவின் பெட்டியைத் திறந்து பார்த்தால், டபுளுக்குப் பின் புது சூட் சொல்வது 17 புள்ளிக்கு மேலான பெரிய கை என்று இருக்கிறது. ரோபோவுக்கு எழுதியிருப்பதே வேதம். ஒன்பது புள்ளி வைத்திருந்தால் அது நம்மைத் தாங்க முடியாத உயரத்துக்கு இழுத்துச் சென்றுவிடும். ஆகவே இங்கே 2 டைமண்ட் என்று நேராகச் சொல்லிவிட்டு, ஸ்பேட் பொருத்தம் சில வேளை தவறிப்போவதை ஏற்றுக்கொள்வதே விவேகம். டபுளைப் பொறுத்தவரை என் விதி எளிது: சொல்லாத மூன்று சூட்டையும் உண்மையாகவே தாங்க முடிந்தால் சொல்லலாம், இல்லையேல் வேறு ஏலம் தேட வேண்டும்.

மறுபுறம், ரோபோ முழு மதிப்பெண் பெறும் இடங்களும் உண்டு. ஸ்டேமனுக்கு நான்கு சீட்டு மேஜர் உண்டா இல்லையா என்று அது தவறாமல் சொல்கிறது. டிரான்ஸ்ஃபரை மறப்பதே இல்லை. மனிதர்கள் மறந்துபோய்ப் பாஸ் சொன்ன கதைகள் எல்லா மன்றங்களிலும் உலவுவதை நினைத்தால் இது சாதாரண நிம்மதி அன்று. துருப்பு இன்னதென்று ஐயமின்றி நிலைத்த பிறகு 4 நோட்ரம்ப் கேட்டால் ஏஸ்களின் எண்ணிக்கை சரியாக வருகிறது. ஆகவே ஸ்லாம் தேடும்போது கியூ பிட்டுகளால் (ஒரு சூட்டில் ஏஸ் போன்ற பலம் இருப்பதைக் காட்டும் ஏலங்களால்) கூட்டாளியைக் கலந்தாலோசிப்பதை நான் கைவிட்டுவிட்டேன். அது நம் கியூ பிட்டைப் பார்த்துத் தன் கையைப் புதிதாக எடைபோட வேண்டும், எடைபோடும் வேலையில்தான் அது பலவீனம். துருப்பை நிலைநாட்டி, விசாரித்து, விடையைப் பெற்று, நாமே நிறுத்துவதோ ஏறுவதோ நல்லது. துருப்பு நிலைக்காத ஏலத்தில் மட்டும் 4 நோட்ரம்ப் சொல்வதற்கு முன் பெட்டியை இரு முறை படிக்க வேண்டும். அது ஏஸ் கேட்பதாக இல்லாமல் வெறும் ஸ்லாம் அழைப்பாக எழுதப்பட்டிருக்கக்கூடும்.

அதிகப் புள்ளியுள்ள கையை மனிதருக்கே தரும் போட்டிகள் தனியாகக் குறிப்பிட வேண்டியவை, ஏனெனில் அவற்றில் ஏலம் தொடங்கும் முன்பே ஒரு தகவல் நம்மிடம் இருக்கிறது. சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளி. நம்மிடம் 14 இருந்தால் மீதி 26ஐ மூவர் பங்கிடுகிறார்கள்; கூட்டாளிக்குச் சராசரியாக 9க்குச் சற்றுக் குறைவு, 14க்கு மேல் யாரிடமும் இருக்க முடியாது. ஆகவே ரோபோ தொடக்கத்தில் பாஸ் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பெரிய ஸ்லாம் கனவுகள் இங்கே பெரும்பாலும் வீண். இந்தப் போட்டிகளில் பலரும் கையாளும் ஒரு உத்தி, 14 புள்ளி சமநிலைக் கையிலும் 1 நோட்ரம்ப் என்று தொடங்குவது. எதிராளி ரோபோக்கள் நம்மிடம் 15 முதல் 17 என்றே நம்பித் தற்காப்பைக் கணக்கிடுகின்றன; கூட்டாளி ரோபோ ஏலத்தில் வென்றாலும் சீட்டை ஆடுவது நாம்தான் என்பதால் கணக்கு பிசகுவதும் குறைவு. நம் கூட்டாளிக்கும் இது தெரியாது என்பதால் இதில் ஒளிவுமறைவான உடன்பாடு எதுவும் இல்லை, விதிப்படி குற்றமும் இல்லை. பலன் தருகிறது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனாலும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளப் பரிந்துரைக்க மாட்டேன். மனிதக் கூட்டாளியோடு ஆடும்போது நம் 1 நோட்ரம்பின் மேல் அவர் வைத்திருக்கும் நம்பிக்கைதான் ஜோடியின் முதுகெலும்பு; கை ஒரு முறை தளர்ந்து பழகிவிட்டால் அதை இறுக்குவது எளிதன்று.

யாருக்கு இந்தச் சேவை பொருந்தும்? டூ ஓவர் ஒன் முறையை ஒழுங்காகக் கற்க விரும்புபவருக்கு இதைவிடப் பொறுமையான கூட்டாளி அமைவது அரிது. ஆட்டம் முடிந்ததும் மற்ற மேசைகளின் ஏலத்தையும் பார்க்க முடிவது கூடுதல் பயன்: அதே கையில் ஒருவர் 2 ஸ்பேடோடு நின்றதையும் இன்னொருவர் 4 ஸ்பேடுக்குப் போனதையும், அதற்கு ரோபோ தந்த மறுமொழிகளையும் வரிசையாகப் படிக்கலாம். நான் முதலில் இம்ப் போட்டிகளில் பழகச் சொல்வேன். அங்கே ஓரிரு மேல் ட்ரிக்குகளுக்காகப் பதற வேண்டியதில்லை, கேமுக்கு (3 நோட்ரம்ப், 4 ஸ்பேட் போன்ற, பெரிய வெகுமதி தரும் ஒப்பந்தத்துக்கு) போவதா நிற்பதா என்ற பெரிய முடிவில் கவனம் குவிகிறது.

போட்டி ஏலத்தில், அதாவது எதிராளிகளும் உயரத்தில் புகுந்து தடுக்கும் கைகளில், விளக்கப் பெட்டி திடீரென்று மெலிந்துவிடுவது மட்டும் திருத்தப்பட வேண்டும். மூன்றாம் சுற்றில் ஒரு ஏலத்தின் மேல் சுட்டியை வைத்தால் முந்தைய ஏலங்களின் வருணனையே திரும்ப வருகிறது. அந்த ஏலம் புதிதாக எதைச் சொல்கிறது என்பது இருப்பதில்லை. ரோபோ தட்டுத் தடுமாறுவதும் மிகுதியாக அங்கேதான். அந்த நிலைமை மாறும்வரை, வருணனை மெலிந்த இடத்தில் நுட்பமான ஏலம் எதையும் நான் சொல்வதில்லை. ஆட நினைக்கும் ஒப்பந்தத்தை நேராகச் சொல்லிவிட்டு, அடுத்த முறை கூட்டாளி பாஸ் சொல்லக்கூடிய ஏலமா அது என்று மட்டும் சரிபார்த்துக்கொள்கிறேன்.