காப்பர் குரோமைட் தூள்: கிளிசரின் சுத்தமாக இருந்தால் வாங்கலாம்

கிளிசரினை ஹைட்ரஜன் சேர்த்து புரோப்பிலீன் கிளைகாலாக மாற்றும் வேலைக்கு ஆய்வகத்தில் காப்பர் குரோமைட் என்ற இந்தக் கேட்டலிஸ்ட்டைத்தான் (வினையூக்கி) பயன்படுத்துகிறேன். கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறம், மாவு போல நைசான தூள். டப்பாவைத் திறக்கும்போதே பறக்கும், அதனால் கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. கிளிசரினில் இருக்கும் மூன்று ஹைட்ராக்சில்களில் (OH தொகுதிகள்) ஓரத்தில் உள்ள ஒன்றை மட்டும் கழற்ற வேண்டும், கார்பன் சங்கிலி அப்படியே நிற்க வேண்டும். இந்தத் தூளில் இருக்கும் செம்பு இதில் கெட்டி. ருத்தேனியம் என்ற உலோகத்தைப் போட்டால் வேகம் கிடைக்கும், ஆனால் அது கார்பன் பிணைப்பையும் வெட்டி எத்திலீன் கிளைகாலும் மீத்தேனும் ஆக்கிவிடும். ஹைட்ரஜனும் வீண்.

மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேலன் சப்பஸ் இந்தத் தூளை வைத்துத்தான் 2006இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதை வாங்கினார். முதலில் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று அசிட்டால் என்ற இடைப்பொருள் வரும், அதில் ஹைட்ரஜன் சேர்ந்து புரோப்பிலீன் கிளைகால் வரும். சுமார் 200 டிகிரி செல்சியஸ், 14 பார் அழுத்தம் போதும் என்பதுதான் அவர் முறையின் அழகு. என் ரியாக்டரிலும் அந்த எல்லைக்குள் நன்றாகவே ஓடுகிறது. சூட்டை ரொம்ப ஏற்றினால் கிளைகாலே மேலும் உடைந்து புரோப்பனால் ஆகிறது. ஹைட்ரஜன் போதாவிட்டால் அசிட்டால் மிஞ்சும். கிளிசரின் கெட்டியான திரவம், ஹைட்ரஜன் அதில் சுலபமாகக் கரையாது. கலக்கும் கருவி மந்தமாக இருந்தால் கேட்டலிஸ்ட்டைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

இனி என் குறை. விற்பவர் தந்த தாளில் 'கிளிசராலுக்கு ஏற்றது' என்று இருக்கிறது (கிளிசரினின் இன்னொரு பெயர்தான் கிளிசரால்). எந்தக் கிளிசரால்? 100 கிலோ பயோடீசலுக்குச் சுமார் 10 கிலோ வீதம் கழிவாக வரும் கிளிசரினில் உப்பு, சோப்பு, மெத்தனால் எல்லாம் இருக்கும். குளோரைடும் கந்தகமும் செம்புக்கு விஷம். எவ்வளவு வரை தாங்கும் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். பயோடீசல் கிளிசரினை நான் வெற்றிடத்தில் வடித்த பிறகே ரியாக்டருக்குள் விடுகிறேன். சாதாரண அழுத்தத்தில் அதன் கொதிநிலை 290 டிகிரி, அந்தச் சூட்டில் வடித்தால் சிதைய ஆரம்பித்துவிடும். இந்த வடிப்புச் செலவைச் சேர்க்காமல் யாரும் லாபக் கணக்கு போடாதீர்கள்.

அப்புறம், விளைச்சல் 95 சதவீதம் என்று யாராவது சொன்னால் மோல் கணக்கா (மூலக்கூறு எண்ணிக்கை) எடைக் கணக்கா என்று கேளுங்கள். 92 கிராம் கிளிசரினிலிருந்து அதிகபட்சம் 76 கிராம் கிளைகால்தான் வரும், மீதி தண்ணீராகப் போய்விடும்.

வடிகட்டுவது தொல்லை. தூள் ஃபில்டரை அடைக்கும். பயன்படுத்திய கேட்டலிஸ்ட்டைக் காயவிட்டால் காற்றுப் பட்டுத் தீப்பிடிக்கலாம், ஈரமாகவே வையுங்கள். உள்ளே குரோமியம் இருப்பதால் குப்பையில் போடவும் முடியாது. இதற்காகவே செம்பு-துத்தநாக ஆக்சைடு பக்கம் போனவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஐந்துக்கு மூன்றரை. தொடர்ந்து ஓடும் ரியாக்டர் என்றால் தூள் வேண்டாம், வில்லையாகக் கேளுங்கள். 1,3-புரோப்பேன்டயால் (நடுவில் உள்ள ஹைட்ராக்சில் கழன்றால் வருவது) வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது, பிளாட்டினம்-டங்ஸ்டன் வகையைத் தேடுங்கள்.