எம்டி0 ஏன் எம்டி127 ஆகிறது: மென்பொருள் ரெய்டுடன் ஆறு ஆண்டுகள்

குடும்பப் படங்களையும் கணக்குக் கோப்புகளையும் வைத்திருக்கும் என் டெபியன் (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) கணினியில், 4 டெராபைட் வட்டுகள் இரண்டை எம்டிஏடிஎம் (mdadm) என்ற கருவி வழியாக ரெய்டு 1 ஆக, அதாவது ஒரே தரவு இரண்டிலும் பதிவாகும்படி, இணைத்து ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இடையில் ஒரு வட்டு பழுதாகி அதை மாற்றியபோதுகூட ஒரு கோப்பும் போகவில்லை. என்னைப் படுத்தியெடுத்தது, இணைந்த வட்டுகளுக்கு இயங்குதளம் தரும் சாதனப் பெயர்தான்.

இயங்குதளத்தை நிறுவிய பிறகு நானே கையால் அரேயை (இணைந்த வட்டுத் தொகுதியை) உருவாக்கி, அதற்குக் கிடைத்த எம்டி0 என்ற பெயரையே, துவக்கத்தில் எவற்றை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் (fstab) கோப்பிலும் எழுதியிருந்தேன். முதல் மறுதொடக்கத்தின்போது திரை ஒன்றரை நிமிடம் அசையாமல் நின்று, பிறகு அவசர நிலைக்குப் போய் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டது. பதறிப்போய், அரேயின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (mdstat) கோப்பைத் திறந்து பார்த்தால் இரு வட்டுகளும் நலமாகவே இருந்தன. பெயர் மட்டும் எம்டி127 என்று மாறியிருந்தது.

வட்டுகளிலேயே எழுதப்படும் அரே பற்றிய குறிப்பான 1.2 வகை மெட்டாடேட்டாவில் அரேயின் பெயருடன் அதை உருவாக்கிய கணினியின் பெயரும் பதிவாகிறது. துவக்கத்தில் அரேயைச் சேர்க்கும் எம்டிஏடிஎம், தன் அமைப்புக் கோப்பில் அதற்கான வரி இல்லாமலும் பதிவாகியுள்ள கணினிப் பெயர் பொருந்தாமலும் இருந்தால், அதை வேறொரு கணினியிலிருந்து வந்ததாகக் கருதி, உள்ளூர் எண்களுடன் மோதாதபடி 127இலிருந்து கீழ்நோக்கி எண் கொடுக்கிறது. கணினிக்கு அதன் பெயர் சூட்டப்படும் முன்பே, துவக்கத்தின் முதல் கட்டத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் (initramfs) இந்த வேலையைச் செய்துவிடுவதால், சொந்த அரேயும் அந்நியமாகிவிடுகிறது.

அமைப்புக் கோப்பில் அரே வரியைச் சேர்த்தும் அடுத்த துவக்கத்தில் அதே எம்டி127தான் வந்து நின்றது. துவக்கத்தில் படிக்கப்படுவது வட்டில் நான் திருத்திய கோப்பு அல்ல, இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் அடைபட்ட பழைய நகல் என்பது புரிய ஒரு மாலைப்பொழுது வீணாயிற்று; அதை மீண்டும் உருவாக்கியதும் எம்டி0 திரும்பியது. அத்தோடு எஃப்ஸ்டேப்பிலும் பெயருக்குப் பதில் யூயூஐடி (UUID, மாறாத தனி அடையாள எண்) எழுதப் போய், எம்டிஏடிஎம் காட்டிய முக்காற்புள்ளி இட்ட எண்ணை ஒட்டி இன்னொரு முறை அவசர நிலையைப் பார்த்தேன். அது அரேயின் அடையாளம். எஃப்ஸ்டேப்புக்கு வேண்டியது பிளாக்ஐடி (blkid) கட்டளை காட்டும், சிறுகோடுகளால் பிரிக்கப்பட்ட கோப்பு முறைமையின் யூயூஐடி.

ஐந்தாம் ஆண்டில் வட்டுகளைப் புதிதாக நிறுவிய வேறொரு கணினிக்கு மாற்றியபோது எம்டி127 மீண்டும் தலைகாட்டியது. எஃப்ஸ்டேப்பில் யூயூஐடி இருந்ததால் கோப்புகள் தடையின்றித் திறந்தன. ஆகவே நானும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் வட்டுகளின் நலத்தைத் தினமும் சோதிக்க நான் எழுதியிருந்த சிறு ஸ்கிரிப்ட் எம்டி0 வரியை மட்டுமே தேடியது. அது கிடைக்காதபோது பிழை சொல்லாமல் அமைதியாக முடிந்துவிடும்படிதான் எழுதி வைத்திருந்தேன். மூன்று வாரம் எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் கணினி ஓடியிருக்கிறது. இப்போது அந்த ஸ்கிரிப்டும் எண்ணைப் பார்ப்பதில்லை, அரேயின் யூயூஐடியைக் கொண்டே சோதிக்கிறது. அரே இன்றும் எம்டி127 என்ற பெயரில்தான் இருக்கிறது, மாற்றவில்லை.