ஏப்ரல் 1 முதல் இன்றுவரை: டாஷ்போர்டில் ஒய்டிடி போட மூன்று வழிகள்

ஒய்டிடி (இயர் டு டேட்), அதாவது ஆண்டுத் தொடக்கம் முதல் இன்றுவரை உள்ள மொத்தம், வெறும் கூட்டல்தான். ஆனால் எந்தத் தேதியில் தொடங்குவது, எந்தத் தேதியில் நிறுத்துவது என்ற இரண்டு இடத்திலும் டாஷ்போர்டுகள் சறுக்குகின்றன. இதற்குப் புழக்கத்தில் மூன்று வழிகள் உண்டு: மைக்ரோசாஃப்டின் டாஷ்போர்டு கருவியான பவர் பிஐயில் தயாராக இருக்கும் டோட்டல்ஒய்டிடி ஃபங்ஷன், டேட் டேபிளை (நாளுக்கு ஒரு வரிசை வீதம் தேதிகளை அடுக்கிய டேபிள்) வைத்து நாமே எழுதும் ஃபில்டர், டேட்டாபேஸிலேயே அதன் மொழியான எஸ்க்யூஎல்லில் கணக்கிட்டு வைப்பது. மூன்றையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்ப்போம். நிதியாண்டு 2025-26, இன்று ஆகஸ்ட் 14, விற்பனை நாளுக்குச் சரியாக ஒரு லட்சம், போன வருடமும் அதே அளவு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் டோட்டல்ஒய்டிடி. மெஷரையும் (மொத்த விற்பனை போல நாம் எழுதி வைக்கும் கணக்கு) டேட் டேபிளின் தேதி நெடுவரிசையையும் கொடுத்தால் போதும், ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆண்டு முடியும் நாளைச் சொல்லாவிட்டால் அது டிசம்பர் 31 என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊர்க் கணக்குக்கு "3/31" என்று சேர்த்தே ஆக வேண்டும். இதை மறந்தால் எரர் எதுவும் வராது, ஜனவரியிலிருந்து கூட்டிய தப்பான எண் அமைதியாக உட்கார்ந்திருக்கும். அந்த நாளை நேரடியாக எழுதத்தான் முடியும், மெஷரிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. ஒரு கம்பெனி ஏப்ரல்-மார்ச், இன்னொன்று ஜனவரி-டிசம்பர் என்று ஓடும் குழுமத்துக்கு இது பெரிய இடைஞ்சல்.

டேட் டேபிளில் நாள் விடுபடாமல், வருடம் முழுவதும் இருக்க வேண்டும்; அதை டேட் டேபிள் என்று மார்க் செய்திருக்கவும் வேண்டும். அப்படி மார்க் செய்ததில் ஒரு பக்கவிளைவும் உண்டு. டேட் டேபிளில் இருக்கும் மற்ற ஃபில்டர்களையும் இந்தக் கணக்கு தூக்கி எறிந்துவிடும். ஸ்லைசரில் (திரையில் வைக்கும் ஃபில்டர் பெட்டி) ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், ஒய்டிடி ஏழு நாளையும் கூட்டியே காட்டும்.

எண் மாட்டிக்கொள்வது ஆகஸ்ட் வரிசையில்தான். அந்த வரிசைக்கு டோட்டல்ஒய்டிடி எடுப்பது ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. 14-க்குப் பிறகு விற்பனை இல்லாததால் இந்த வருடத்துக்கு 136 நாள், 1.36 கோடி. அதே வரம்பை சேம்பீரியட்லாஸ்ட்இயர் என்ற ஃபங்ஷன் போன வருடத்துக்கு நகர்த்தினால் ஆகஸ்ட் முழுவதும் உள்ளே வந்துவிடும்: 153 நாள், 1.53 கோடி. வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, டாஷ்போர்டில் மட்டும் 11% வீழ்ச்சி சிவப்பில் நிற்கும். மாதாமாதம் முதல் வாரத்தில் பயமுறுத்தி, மாதக் கடைசியில் தானாகவே சரியாகிவிடும் அறிக்கை இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். செப்டம்பர் முதல் மார்ச் வரை கோடு மட்டமாக நீள்வதற்கும் காரணம் இதேதான்.

மருந்து: டேட் டேபிளில் "விற்பனை வந்த கடைசி நாள் வரை" என்று ஒரு உண்மை/பொய் நெடுவரிசை வைத்து, போன வருடத்துக்கு நகர்த்தும் முன்பே அதை ஃபில்டராகப் போடுவது. கடைசி நாளை விற்பனை டேபிளின் அதிகபட்சத் தேதியிலிருந்து எடுத்தால், யாராவது 2026 என்று தவறாகத் தட்டிய ஒரே ஒரு பில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். இன்றைய தேதியைத் தரும் டுடே ஃபங்ஷனிலிருந்து எடுத்தால், பவர் பிஐ சர்வீஸ் (அதன் ஆன்லைன் பதிப்பு) நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யுடிசி நேரத்தில் ஓடுவதால் நம் அதிகாலை 5:30 வரை நேற்றைய தேதிதான் கிடைக்கும். ரிஃப்ரெஷ் (டேட்டாவைப் புதுப்பிப்பது) நள்ளிரவில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழியில் டேட் டேபிளில் இரண்டு நெடுவரிசை கூடுதல்: நிதியாண்டு எண், நிதியாண்டு நாள்குறி. நாள்குறிக்கு 1 முதல் 365 வரை எண் போடாதீர்கள். லீப் வருடத்தில் பிப்ரவரி 29-க்குப் பிறகு எல்லா நாளும் ஒன்று தள்ளிப்போகும். நிதி மாதத்தை 100-ஆல் பெருக்கித் தேதியைக் கூட்டுங்கள். ஏப்ரல் 1 என்றால் 101, ஆகஸ்ட் 14 என்றால் 514, மார்ச் 31 என்றால் 1231. மெஷரில் கால்குலேட் என்ற ஃபங்ஷனைப் போட்டு டேட் டேபிளின் ஃபில்டர்களை நீக்கி, நிதியாண்டு சமம், நாள்குறி 514 அல்லது அதற்குக் கீழ் என்று வைத்தால் முடிந்தது. போன வருடத்துக்கு ஆண்டு எண்ணில் ஒன்றைக் கழிப்பதோடு சரி. இரண்டு பக்கமும் 136 நாள், வித்தியாசம் பூஜ்ஜியம். கிழமை ஃபில்டரை மட்டும் விட்டுவைக்க நினைத்தால் அதுவும் நம் கையில். எழுத நாலு வரி கூடுகிறது, ஆனால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் திறந்தாலும் எங்கே வெட்டுகிறது என்பது கண்ணில் படும். ஏப்ரல்-மார்ச் கணக்குக்கு எங்கள் ஓட்டு இதற்கே.

மூன்றாவதான எஸ்க்யூஎல் வழியில் சம் ஓவர் என்ற கட்டளை: கிளை, நிதியாண்டு வாரியாகப் பிரித்து, மாத வரிசையில் ஓடும் கூட்டல். எந்த டாஷ்போர்டு கருவி வந்தாலும் ஒரே எண் கிடைக்கும் என்பது இதன் பலம். ஆனால் ஒரு கிளைக்கு மே வரை 40 லட்சம், ஜூனில் விற்பனையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனுக்கு வரிசையே இருக்காது, கம்பெனியின் ஜூன் வரையிலான மொத்தத்தில் 40 லட்சம் காணாமல் போகும். கிளை டேபிளையும் மாத டேபிளையும் கிராஸ் ஜாயின் செய்து (ஒவ்வொரு கிளையையும் ஒவ்வொரு மாதத்தோடும் சேர்த்து) எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய பிறகே கூட்ட வேண்டும். பழைய தேதியில் கிரெடிட் நோட் (விற்பனைத் தொகையைக் குறைக்கும் சீட்டு) வந்தால் அந்த மாதத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டும். தனித்த வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு இந்த வழியே ஆகாது. ஏப்ரலில் வாங்கியவர் மேயிலும் வாங்கினால் இரண்டு முறை எண்ணப்படுவார்.

இன்னொரு டாஷ்போர்டு கருவியான டேப்லோவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒரு கிளிக்கில் கிடைக்கும் ஒய்டிடி, திரையில் இருக்கும் மாதங்களை மட்டுமே கூட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃபில்டர் போட்டால் கூட்டல் ஜூலையில்தான் தொடங்கும். தேதியை லுக்கப் ஃபங்ஷனில் பூஜ்ஜியம் நகர்த்தி, அதையே ஃபில்டராக வைத்தால் மாதங்கள் மறையும், கணக்கு கெடாது.

எந்த வழியில் போனாலும், மாத நடுவில் ஒரு தேதியை எடுத்து, ஏப்ரல் 1 முதல் அந்தத் தேதி வரைக்கும், இந்த வருடத்துக்கும் போன வருடத்துக்கும், கணக்கு மென்பொருளான டேலியில் விற்பனைக் கணக்கைத் திறந்து ஒப்பிடுங்கள். மாதக் கடைசியில் சோதித்தால், நிறுத்தும் தேதியில் தப்பான மெஷரும் சரியாகவே காட்டும்.